மோரோவிண்டில முதல் பின்னேரத்தைத் தாண்டிறது எப்பிடி

ஸ்கைரிம் கேமை முடிச்ச பெடியள் கனபேர் அடுத்ததா அதே எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில முன்னம் வந்த மோரோவிண்டை இறக்கிப் போடுவினம், ஒரு பின்னேரம் விளையாடுவினம், பேந்து "இதென்னடா, ஒரு நண்டை அடிக்கிறதுக்கே இருவது தரம் வாளை வீசவேண்டிக்கிடக்கு, ஒண்டும் படுதில்லை" எண்டு அழிச்சுப்போட்டுப் போயிடுவினம். அவையில பிழை இல்லை. பெதெஸ்டா 2002 மே மாதம் விட்ட கேம் இது, பெட்டிக்குள்ள ஒரு கையேடும் மேப்பும் வைச்சு வித்தவை, அதை வாசிச்சிட்டுத்தான் ஆள் வரும் எண்டு நினைச்சுச் செய்தது. இப்ப ஆரிட்ட அந்தப் பெட்டி இருக்கு? அதால அந்தக் கையேடு சொல்லவேண்டினதையும் அது சொல்லாமல் விட்டதையும் சேர்த்து, புதுசா வாற ஆக்களுக்கு இஞ்ச எழுதிறன்.

முதல் ஒண்டைச் சொல்லிப்போடுறன். இந்தக் கேமில ரெண்டு விதமான கடுப்பு இருக்கு. ஒண்டு வயசால வந்த கடுப்பு: கிராஷ் ஆகிறது, ஸ்க்ரீன் அளவு சரியா வராதது, பழைய பக்குகள் (செய்தவை விட்ட பிழையள்). மற்றது அதின்ர குணத்தால வந்த கடுப்பு: வழி காட்ட அம்புக்குறி இல்லை, அடிச்சது படுமோ எண்டதுக்கு உத்தரவாதம் இல்லை, நினைச்ச இடத்துக்கு ஒரு கிளிக்கில பறக்க ஏலாது. முதலாவதைத் திருத்துங்கோ. ரெண்டாவதைத் திருத்த வெளிக்கிடாதேங்கோ, ஏனெண்டால் இருவது வருசம் கழிச்சும் சனம் இதை விளையாடுறதுக்கும் அதேதான் காரணம். ரெண்டையும் ஒண்டெண்டு நினைச்சு முன்னூறு மொட் (விளையாடுறவை செய்து விடுற மாற்றங்கள்) போட்டால் கடைசியில உங்களிட்ட இருக்கிறது ஸ்கைரிமின்ர வடிவில்லாத பதிப்பு ஒண்டுதான்.

மெஷினும் பட்சும்

மெஷினைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. பழைய பெட்டியில கேட்டது 500 மெகாஹேர்ட்ஸ் பென்டியம் 3, 256 எம்பி ரம். வீட்டில தங்கச்சி ஒன்லைன் ரியூசனுக்கு வைச்சிருக்கிற லப்டொப்பே தாராளமாக் காணும். ஸ்டீமிலயும் ஜிஓஜியிலயும் "கேம் ஒஃப் த இயர்" எண்டு இருக்கிறதை எடுங்கோ, அதுக்குள்ள டிரிபியூனல் (2002), ப்ளட்மூன் (2003) எண்ட ரெண்டு எக்ஸ்பான்சனும் (பிறகு வந்த கூடுதல் கதைப் பகுதியள்) சேர்ந்தே வரும். மலிவு விற்பனை அடிக்கடி வரும், அவசரமில்லாட்டி அதுவரைக்கும் பொறுங்கோ. டவுன்லோட் சைஸும் இப்ப வாற கேமுகள் மாதிரி மாசத்து டேட்டாவை ஒரேயடியாக் குடிச்சு முடிக்காது.

அடுத்தது ஓப்பன்எம்டபிள்யூ. கேமின்ர என்ஜினை, அதாவது கேமை ஓட்டுற அடிப்படை மென்பொருளை, தன்னார்வலர்கள் அடியில இருந்து திருப்பி எழுதி இலவசமா விட்டிருக்கினம், விண்டோஸ், லினக்ஸ், மக் மூண்டிலயும் ஓடும். ஆனா கேம் ஃபைலுகள் அதுக்குள்ள இல்லை, நீங்கள் வாங்கின கொப்பியில இருந்துதான் அதை எடுக்கும், அதால வாங்கிறதுதான் முதல் வேலை. இன்ஸ்டோல் பண்ணேக்க கேம் ஃபோல்டர் எங்க இருக்கெண்டு கேக்கும், காட்டிவிட்டால் சரி. இது போட்டால் அகலமான ஸ்க்ரீனுக்கும் பொருந்தும், கிராஷ் பிரச்சினையும் பெருமளவு போயிடும். அதோட "பட்ச் ஃபோர் பியூரிஸ்ட்ஸ்" எண்ட மொட்டையும் போடுங்கோ, அது பக்குகளை மட்டும் திருத்தும், விளையாட்டை மாத்தாது. முதல் தடவைக்கு இவ்வளவும் காணும். வடிவான மரமும் புல்லும் தண்ணியும் பிறகு பாப்பம்.

இன்னொண்டு, எஃப்5 அமத்தினால் குயிக்சேவ். கரண்ட் எப்ப போகுமெண்டு தெரியாத எங்கட பக்கத்தில, பற்றறி செத்த லப்டொப்பில விளையாடுறவை அந்தக் கட்டையில விரலை வைச்சுக்கொண்டே இருங்கோ. அதைவிட முக்கியம், வேற வேற பேரில நாலைஞ்சு சேவ் வைச்சிருக்கிறது. ஏனெண்டு கீழ சொல்லுறன்.

ஆளை உருவாக்கிறது

கேம் தொடங்கேக்க நீங்கள் ஒரு சிறைக் கப்பலில வந்த கைதி. செய்டா நீன் எண்ட சதுப்பு நிலத்துக் கரையோர ஊரில இறக்கிவிடுவினம், அங்க ஒரு கந்தோரில கிழவர் ஒருத்தர் நீங்கள் என்ன தொழில் எண்டு கேப்பார். பத்துக் கேள்வி கேட்டு அவரே முடிவெடுக்கட்டும் எண்டு விடவும் ஏலும், அது வேண்டாம், எக்கச்சக்கமான ஒரு கிளாஸை (தொழில் வகையை) தந்துபோடுவார். நீங்களே கிளாஸ் உருவாக்கிற ஒப்சனை எடுங்கோ.

முதல் பின்னேரத்தில கேமை அழிக்கிறவை எல்லாரும் தடுக்கி விழுற இடம் இதுதான், கொஞ்சம் ஆறுதலா வாசியுங்கோ. இந்தக் கேமில உங்கட வாள் எதிரியில பட்டது கண்ணுக்குத் தெரிஞ்சாலும் உள்ளுக்க கேம் ஒரு தாயம் உருட்டும், அதில விழுந்தால்தான் அடி. அந்தக் கணக்கு இதுதான்: ஆயுத ஸ்கில் (திறமை), அதோட அஜிலிட்டியில (சுறுசுறுப்பில) அஞ்சில ஒரு பங்கு, லக்கில (அதிர்ஷ்டத்தில) பத்தில ஒரு பங்கு, எல்லாத்தையும் கூட்டி, பச்சை பார் (உங்கட களைப்பைக் காட்டிற பட்டை) நிரம்பியிருந்தால் 1.25 ஆல பெருக்கும், பச்சை பார் காலியெண்டால் 0.75 ஆல பெருக்கும். எதிரி தப்பிற வீதத்தை அதில கழிக்கும்.

ரெட்கார்ட் இனத்தில ஆள் ஒண்டு செய்து, கொம்பட் ஸ்பெசலைசேசன் (சண்டைத் துறை) எடுத்து, லோங் பிளேடை (நீள வாளை) மேஜர் ஸ்கில்லா, அதாவது முக்கிய திறமையாப் போட்டியளெண்டால் தொடக்கத்திலயே லோங் பிளேட் 50 வரும் (மேஜருக்கு 30, ஸ்பெசலைசேசனுக்கு 5, இனத்துக்கு 15). அஜிலிட்டி 40, லக் 40 எண்டால் 50, 8, 4, மொத்தம் 62. பச்சை பார் நிரம்பியிருந்தால், எதிரி தப்பிறதைக் கழிக்கமுன், நூறுக்கு 77 தரம் படும். களைச்சுப்போய் வந்தால் 46. இப்ப அதே ஆள் லோங் பிளேடை விட்டிட்டு, கந்தோர் மேசையில கிடந்த இரும்புக் கத்தியை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுறான் எண்டு வையுங்கோ. கத்திக்கு வேற ஸ்கில், ஷோர்ட் பிளேட், அது அவனுக்கு 10 தான். கணக்குப் போட்டுப் பாருங்கோ: முழுசா ஆறியிருந்தாலும் 27, களைச்சிருந்தால் 17 கூட வராது. அந்தக் கத்தி எல்லாற்ற கண்ணிலயும் படுற மாதிரி அங்க கிடக்கும், எல்லாரும் அதைத்தான் எடுப்பினம், பிறகு நண்டோட மல்லுக்கட்டிக்கொண்டு நிப்பினம். கேம் ஒரு இடத்திலயும் சொல்லாது.

அதால ஒரே ஒரு ஆயுத வகையை மேஜரில போடுங்கோ, அதை மட்டும் பாவியுங்கோ. மிச்ச மேஜர்களுக்கு ஏதாவது ஒரு ஆர்மர் வகை, புளொக், ரெஸ்டோரேசன் மாதிரி அடிக்கடி பாவிக்கிறதுகள். மைனருக்கு மிஸ்டிசிசமும் அல்கெமியும் போட்டால் பேந்து உதவும். பிறப்பு ராசிக்கு த லேடி நல்லது, என்டூரன்ஸும் (தாங்குற பலமும்) பெர்சனாலிட்டியும் (ஆளைக் கவருற தன்மையும்) 25, 25 கூடும். என்டூரன்ஸில பத்தில ஒரு பங்குதான் ஒவ்வொரு லெவலுக்கும் உயிரில கூடும், பிறகு கூட்டினால் பழைய லெவலுகளுக்கு மிச்சம் தராது, அதால ஆரம்பத்தில கூட இருக்கிறது லாபம். அட்ரோனாக் ராசியை முதல் தடவை தொடாதேங்கோ, நித்திரை கொண்டாலும் மஜிக்கா (மந்திரத்துக்குச் செலவாகிற சக்தி) திரும்பாது. பல்லி இனமும் பூனை இனமும் பாக்க நல்லா இருக்கும், ஆனா சப்பாத்துப் போட ஏலாது.

மேஜர், மைனர் ஸ்கில்லுகளில மொத்தமாப் பத்துப் புள்ளி கூடினால், ஒருக்காப் படுத்தெழும்ப லெவல் ஏறும். லெவல் ஏறேக்க அட்ரிபியூட்டை (அஜிலிட்டி, என்டூரன்ஸ் மாதிரியானதுகளை) அஞ்சஞ்சாக் கூட்டிறதுக்குக் கொப்பியில கணக்கெழுதி விளையாடுறவையும் இருக்கினம். அது வேண்டாம், சந்தோசம் போயிடும்.

பச்சை பார்

தனித் தலைப்பாப் போடுறன், அவ்வளவு முக்கியம். ஓடினால் குறையும், பாய்ஞ்சால் குறையும், வாளை வீசினால் குறையும். அடி படுறது மட்டுமில்லை, மந்திரம் சரிவாறது, கடைக்காரரோட பேரம் பேசிறது, ஆக்களைக் கதைச்சு வழிக்குக் கொண்டாறது எல்லாத்திலயும் அது கைவைக்கும். ஸ்கைரிமில பழகின ஆக்கள் எதிரியைக் கண்டவுடன ஓடிப்போய் விழுவினம், போய்ச் சேரேக்க பார் காலி. எதிரியைக் கண்டால் நில்லுங்கோ, பார் ஏறவிடுங்கோ, அவனை உங்களிட்ட வரவிடுங்கோ. ஒப்சனில "எப்பவும் சிறந்த தாக்குதலைப் பாவி" எண்டு ஒண்டு இருக்கு, அதைப் போட்டுவிடுங்கோ, மௌஸை அமத்திப் பிடிச்சு முழு வீச்சு வீசினால் அடி பலமா இருக்கும்.

செய்டா நீனை விட்டு ஓடாதேங்கோ

கந்தோரை விட்டு வரேக்க 87 காசு தருவினம், ஒரு பார்சலும் தந்து பல்மோராவில கையஸ் கொசேடஸ் எண்டவரிட்டக் குடு எண்டுவினம். உடன ஓடத் தேவையில்லை, இந்தக் கேமில எந்த அவசரமும் பொய் அவசரம்தான். கந்தோருக்கும் வெளிவாசலுக்கும் இடையில இருக்கிற முற்றத்தில ஒரு பீப்பாய், அதுக்குள்ள ஒரு மோதிரம். வெளியில வந்தவுடன ஃபார்கோத் எண்ட வூட் எல்ஃப் ஒருத்தன் தன்ர மோதிரத்தைக் காணேல்லை எண்டு அழுவான். குடுத்தால் அவனுக்கும் அவன்ர கூட்டாளி, கடைக்காரர் அரில்லுக்கும் உங்களைப் பிடிக்கும், சாமான் மலிவா வரும். அரில்லின்ர கடை மேல்மாடியில ஒரு நோர்ட் நிப்பான், அவன் ஃபார்கோத் காசை எங்க ஒளிக்கிறான் எண்டு இரவில வெளிச்சவீட்டுக்கு மேல ஏறி நிண்டு பாக்கச் சொல்லுவான். போய்ப் பாருங்கோ. மேல இருந்து கீழ பாக்க, சின்ன உருவம் ஒண்டு தீவட்டியோட இஞ்சால ஓடி அங்கால ஓடிச் சுத்திமுத்திப் பாத்திட்டுச் சேத்துத் தண்ணிக்க இறங்கி ஒரு மரக்குத்தியடியில குனியும். அம்புக்குறி இல்லை, மேப்பில புள்ளி இல்லை, நீங்கள் கண்ணால பாத்தால்தான் உண்டு. மோரோவிண்ட் எண்டால் என்னெண்டு அந்த அரை நிமிசத்தில விளங்கும்.

ஊருக்கு வெளியில வரி அறவிடுற அதிகாரி ஒருத்தற்ற உடம்பு கிடக்கும், மடியில 200 காசு. எடுத்துக்கொண்டு போறியளோ, கந்தோரில சொல்லுறியளோ எண்டது உங்கட பாடு. பல்மோராப் பக்கம் நடந்தால் மேல இருந்து ஒருத்தன் கத்திக்கொண்டு விழுந்து சாவான், அவனிட்ட மூண்டு மந்திரச் சுருள் இருக்கும். ஒண்டை வாசிச்சுப் பாய்ஞ்சால் ஊரையே தாண்டுவியள். இறங்கிறதுக்கு வழி யோசிச்சிட்டுப் பாயுங்கோ, அவன் யோசிக்கேல்லை. சேவ் பண்ணிப்போட்டுச் செய்யுங்கோ எண்டு சொல்லத்தேவையில்லை.

வழி கேட்டுப் போறது

குவெஸ்ட் மார்க்கர் (போகவேண்டின இடத்தைக் காட்டிற அம்புக்குறி) இல்லை எண்டது ஸ்கைரிம்காரருக்குப் பெரிய அதிர்ச்சி, எங்கட ஊர்ச் சனத்துக்கு அவ்வளவு அதிர்ச்சியா இருக்கக்கூடாது. இணுவிலில ஒரு வீட்டைத் தேடிப் போனால் ஆர் உங்களுக்கு இலக்கம் சொல்லுறது? "வைரவர் கோயிலடியால உள்ளுக்க திரும்பி, கிணத்தடி தாண்டி, ரெண்டாவது ஒழுங்கைக்குள்ள நீலக் கேற்" எண்டுதானே சொல்லுவினம். இதுவும் அப்பிடித்தான். கையஸைச் சந்திச்ச பிறகு ஃபைட்டர்ஸ் கில்டில (சண்டைக்காரற்ற சங்கத்தில) ஹஸ்ஃபாட் எண்டவர் ஆர்க்ங்தாண்ட் எண்ட, மறைஞ்சுபோன ட்வெமர் இனத்தின்ர பழைய இடிபாட்டுக்கு அனுப்புவார். பல்மோராவால வெளிக்கிட்டு, மூன்மோத் கோட்டைப் பக்கம் போய், பழைய பாலத்தால பள்ளத்தைத் தாண்டி மேல ஏறு எண்டு வழி சொல்லுவார், ஜர்னலில (கேமுக்குள்ள இருக்கிற குறிப்புப் புத்தகத்தில) அது விழும். அதைத் திரும்ப வாசிச்சு வாசிச்சுத்தான் போகவேணும். பாலத்தடியில ஒருத்தன் நிண்டு உங்களைக் கண்டவுடன சண்டைக்கு வருவான், பச்சை பார் நிரம்பி இருக்கட்டும். வாசலில கதவு திறக்காது, பக்கத்தில குழாய் ஒண்டில சுத்திற பிடி இருக்கு, அதைத் திருப்புங்கோ. உள்ளுக்க தேடவேண்டினது ஒரு புதிர்ப்பெட்டி, கைக்குள்ள அடங்கிற சின்னச் சாமான், தட்டில கிடக்கும், கண் அதைத் தாண்டித் தாண்டிப் போகும், எத்தினையோ பேர் இந்த இடத்திலதான் கேமை விட்டவை. பெரிய பெட்டியளைத் திறந்து பாக்கிறதை விட்டிட்டுத் தட்டுகளைப் பாருங்கோ.

சில ஆக்கள் சொல்லுற வழி பிழை. மெய்யாலும் பிழை, கிழக்கெண்டு சொன்னது மேற்கில இருக்கும். இது எழுதினவை விட்ட பிழைதான், குணம் கிணம் எண்டு நான் முட்டுக்குடுக்க மாட்டன். அரை மணித்தியாலம் தேடியும் காணேல்லையெண்டால் நெட்டில மேப்பைப் பாருங்கோ, ஒரு வெக்கமும் இல்லை.

தூரப் பயணத்துக்கு நடக்கத் தேவையில்லை. சில்ட் ஸ்ட்ரைடர் எண்டு உயரமான காலுள்ள பெரிய பூச்சி ஒண்டு, முதுகு ஓட்டுக்குள்ள ஆள் இருந்து ஓட்டுவார், செய்டா நீனில இருந்து பல்மோராவுக்கும் விவெக்குக்கும் சுரானுக்கும் க்னிசிஸுக்கும் போகும். கரையோர ஊருகளுக்குக் கப்பல். மேஜஸ் கில்டுகளுக்கு (மந்திரவாதியள் சங்கங்களுக்கு) இடையில காசு குடுத்தால் மந்திரத்தால அனுப்புவினம். இதுக்கு மேல மார்க், ரீகோல் எண்ட ரெண்டு மந்திரம்: ஒரு இடத்தைக் குறிச்சு வைச்சு எங்கயிருந்தும் திரும்பி வரலாம். அல்ம்சிவி இன்டர்வென்சன் கிட்ட இருக்கிற கோயிலுக்கும், டிவைன் இன்டர்வென்சன் கிட்ட இருக்கிற பேரரசுக் கோட்டைப் பக்கமும் கொண்டுபோய் விடும். இதுகளைக் கோத்து, கப்பல் பிடிச்சு, பூச்சி மாறி, கடைசியில மந்திரத்தால வீட்டுக்கு வாறது எப்பிடி எண்டு மனசுக்குள்ள போட்டுப்பாத்து வெளிக்கிடேக்க ஒரு தனிச் சுகம் இருக்கு. ஒரு கிளிக்கில போற ஃபாஸ்ட் டிராவலில அது வராது.

நடை மெதுவெண்டது உண்மை, ஆரம்பத்தில ஆமை வேகம். கல்டேராவுக்கு வடக்கால ரோட்டில பெமெனி எண்ட பொம்பிளை ஒருத்தி நிப்பா, க்னார் மோக் வரைக்கும் கூட்டிக்கொண்டுபோனால் ஒரு சப்பாத்துத் தருவா. போட்டால் வேகம் 200 கூடும், கண்ணும் தெரியாமல் போகும். ரெசிஸ்ட் மஜிக் நூறு வீதம் ஒரு செக்கனுக்குப் போடுற மந்திரத்தைச் செய்து, அதை ஓதிப்போட்டு உடன சப்பாத்தைப் போட்டால் கண்ணும் தெரியும், காலும் பறக்கும். பிரெட்டன் இனத்துக்குப் பாதி எதிர்ப்பு பிறப்பிலயே இருக்கிறதால அவைக்குச் சுகம்.

அந்தரப்படுத்திற மூண்டு விசயம்

க்ளிஃப் ரேசர். வானத்தில கிரீச் எண்டு கத்திக்கொண்டு பின்னால வாற பறக்கிற பிராணி. விசர் பிடிக்கும். ஒண்டு வந்தால் காணும், கிட்ட எதிரி இருக்கு எண்டு சொல்லிப் படுக்கவும் விடாது. வில்லோ தூர அடி மந்திரமோ ஒண்டு கையில வையுங்கோ, வேற மருந்தில்லை.

ரெண்டாவது, டிரிபியூனல் போட்டிருந்தால் லெவல் 1 இலயே நித்திரையில கொலைகாரன் வந்து குத்துவான். எக்ஸ்பான்சனின்ர கதையை ஆரம்பத்திலயே உள்ளுக்க விட்டதால வந்த கூத்து இது, இதைத் தள்ளிப்போடுற மொட்டுகள் இருக்கு, போட்டால் நான் குறை சொல்லமாட்டன். போடாட்டியும் ஒரு நன்மை: அவனைச் சாகடிச்சால் அவன்ர கறுப்புக் கவசம் நல்ல விலை போகும். கல்டேராவில கோராக் மேனர் எண்ட வீட்டில க்ரீப்பர் எண்ட குட்டிப் பிசாசு நிக்கும், பேரம் இல்லாமல் முழு விலைக்கு வாங்கும், கையில 5000 காசு வைச்சிருக்கும்.

மூண்டாவது, ஆரையும் கொல்லலாம். கதைக்கு முக்கியமான ஆளைக் கொண்டால் விதியின்ர நூல் அறுந்துபோச்சு, பழைய சேவுக்குத் திரும்பிப் போ, இல்லாட்டி நீயே கெடுத்த உலகத்தில கிட எண்ட கருத்தில ஒரு வசனம் வரும். கேம் முடியாது, நீங்கள் தொடர்ந்து திரியலாம். நாலைஞ்சு சேவ் வையுங்கோ எண்டு சொன்னது இதுக்குத்தான்.

இவ்வளவு கஷ்டப்பட்டுப் போய் என்ன கிடக்கு

கையஸ் உங்களுக்கு 200 காசு தந்து, போய்ப் பழகிக்கொண்டு வா எண்டுவார். உண்மையாவே போங்கோ. விவெக் நகரத்துக்கு மேல ஒரு பெரிய பாறை அந்தரத்தில நிக்கும், அதுக்குள்ள சிறை. ஆல்ட்ரூனில செத்த பிரமாண்ட நண்டின்ர ஓட்டுக்குள்ள மாளிகையள். டெல்வன்னி மந்திரவாதியள் காளான் கோபுரத்தில இருப்பினம், மேல போறதுக்குப் படியே இல்லை, பறக்கத் தெரியாதவனோட எங்களுக்கென்ன கதை எண்ட எண்ணம். லெவிடேசன் மருந்தோ மந்திரமோ இல்லாமல் போய் அண்ணாந்து பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ.

மூண்டு பெரிய ஹவுஸில (ஊரை ஆளுற குலங்களில) ஒண்டில மட்டும்தான் சேரலாம். ஊர்ச்சனம் உங்களை வந்தான் எண்டு மூஞ்சைக்கு நேரயே பேசும். அடிமையாட்கள் இருக்கிற நாடு அது, செய்டா நீன் சில்ட் ஸ்ட்ரைடருக்குக் கிட்ட அடமசார்டஸ் எண்ட குகையில கடத்தல்காரர் கட்டிவைச்சிருக்கிற ஆக்களைத் திறப்பெடுத்து விடுவிக்கலாம், கேம் அதுக்குக் கைதட்டாது. பழைய போரில ரெட் மலையில என்ன நடந்தது எண்டதுக்குக் கோயில் ஒரு கதை சொல்லும், நாடோடிக் குழுக்கள் வேற கதை சொல்லும், அங்க நிண்டவையே இன்னொண்டு சொல்லுவினம், எது உண்மையெண்டு கடைசிவரைக்கும் ஆரும் முத்திரை குத்தித் தரமாட்டினம். எனக்கு இதுக்குப் பிறகு வந்த ரெண்டு கேமிலயும் இந்தத் துணிவு காணேல்லை. வாசிக்கிற பொறுமை வேணும், கதைக்கிறது எல்லாம் எழுத்துத்தான், குரல் சொற்பம். வாசிக்கவே பிடிக்காத ஆள் எண்டால் இஞ்ச காசைச் செலவழிக்காதேங்கோ.

பழங் கல்லறையளுக்குள்ள போகேக்க ஒண்டைக் கவனியுங்கோ: ஆவியளுக்குச் சாதாரண இரும்பு படாது, ஸ்கில் நூறெண்டாலும் படாது. வெள்ளி ஆயுதமோ மந்திரம் ஏத்தினதோ வேணும், பல்மோராவில கையில காசு வந்தவுடன ஒண்டு வாங்கி வையுங்கோ. அது ப்ளட்மூன் தீவுக்கும் உதவும். அந்தத் தீவுக்குக் கூல் எண்ட கரையோர ஊரில கப்பல் பிடிக்கலாம், ஆனா லெவல் ஒரு இருவதாவது வரட்டும். ஓநாய் ஒண்டொண்டா வராது, கூட்டமா வரும், ஓடித் தப்புவம் எண்டு நினைச்சால் பச்சை பார் விடாது.